நாற்பத்தொன்றாவது சிலை

இந்த வீட்டில் எனக்கென்று உள்ள இடம் நீளம் ஐந்தடி ஒன்பது அங்குலம், அகலம் இரண்டடி நான்கு அங்குலம். தறிக்கும் தெற்குச் சுவருக்கும் நடுவில் இருக்கிறது. என் உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். படுத்தால் மூன்று அங்குலம் மிச்சம். நான் வாழ்க்கையில் அனுபவித்த சொகுசு எவ்வளவு என்று யாராவது கேட்டால், மூன்று அங்குலம் என்று சொல்வேன்.

மற்ற இடமெல்லாம் மற்றவர்களுடையது. நடுக்கூடம் தறியுடையது. அடுப்படி என் மனைவி தையல்நாயகியுடையது. சுவர்கள் சாமி படங்களுடையவை. காலையில் தறிக்குழியில் காலை இறக்கினால் பன்னிரண்டரை மணிக்குத்தான் மேலே எடுப்பேன். அதற்குள் முதுகு வில்லாகியிருக்கும். சாப்பிட்டுவிட்டு அந்த இடத்தில் நாற்பது நிமிஷம் நீட்டிப் படுத்தால்தான் பிற்பகலுக்கு மறுபடி மனிதனாவேன். எனக்கு வயது ஐம்பத்தெட்டு. இதைவிடச் சின்ன இடம் இனிமேல் எனக்குப் பாலாற்றங்கரைச் சுடுகாட்டில்தான் கிடைக்கும்.

அந்த இடத்தில் ஒரு பீரோ வைக்க வேண்டும் என்றாள் தையல்நாயகி.

அடுத்த வீட்டுக் கைலாசத்தால் வந்த வினை. கைலாசம் பஸ் கண்டக்டர். திருப்பத்தூருக்கு அப்பால் தேன்கல் என்ற சின்ன மலை ஊருக்குப் போகும் பஸ்ஸில் வேலை. அந்த ஊரில் இரண்டு விசேஷம். ஒன்று, தெருவுக்குத் தெரு சிலைகள். ஓவியக் கல்லூரிப் பிள்ளைகள் கோடைதோறும் வந்து செதுக்கி, அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்களாம். இரண்டாவது, கடைகள். தேன், சால்வை, மரச்சாமான். கைலாசம் அங்கிருந்து கண்ணாடி வைத்த மர பீரோ ஒன்றைத் தன் மனைவி பெரியநாயகிக்கு வாங்கி வந்தான். தெருவே போய்ப் பார்த்தது. தையல்நாயகி மூன்று தடவை போய்ப் பார்த்தாள்.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அன்று பேசினேன்.

"உயிர் இருக்கிற வரைக்கும் அந்த எடத்தைத் தர மாட்டேன்."

"யாரு உயிரு?" என்று கேட்டாள்.

பிறகு தறியில் குறுக்கு நூல் ஓட்டும் நாடாவைக் கீழே வைத்துவிட்டாள்.

இதன் பயங்கரம் எங்கள் தெருக்காரர்களுக்குத்தான் புரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நான் நெய்வது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு நான் நாடா ஓட்டுவேன். பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு அவள் ஓட்டுவாள். என் ஊடை நூலும் அவள் ஊடை நூலும் ஒவ்வொரு ஓட்டத்திலும் கை கோத்துக்கொள்ள வேண்டும். ஒருவராக உட்கார்ந்து கோர்வை நெய்ய முடியாது. கல்யாணமாகி இருபத்தேழு வருஷம் நான்கு மாதம் ஆகிறது. இதுவரை அவள் கையில் ஒரு இழை தப்பியதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

நான்கு நாள் தறி ஓடவில்லை. ஐந்தாம் நாள் கைலாசத்தைத் தெருமுனையில் பிடித்தேன்.

"ஏம்பா கைலாசம், அந்த மலையில கடையெல்லாம் தினமும் இருக்குதா?"

"செவ்வாக்கிழமை ஒரு கடையும் தொறக்க மாட்டானுங்கபா. ஊரே சாத்திக்கினு கெடக்கும். செலைங்க மட்டும் நின்னுக்கினு இருக்கும். அதுக்கு ஏது லீவு? ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

"இந்தாங்க, செலைங்க இருக்கற எடமெல்லாம் போட்டுத் தாள் அடிச்சிருக்கறாங்க. உங்களுக்குத்தான் எண்ணறது புடிக்குமே. நாப்பத்தியோரு செலை!"

வீட்டுக்கு வந்து பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். அடுத்த அமாவாசை செவ்வாய்க்கிழமை. அமாவாசையன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. கிரகங்களே எனக்காகக் கூட்டம் போட்டு முடிவெடுத்தது போல் இருந்தது.

"தையலு, அமாவாசைக்கு மலைக்குப் போலாமா?"

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. "பீரோ வாங்கறதுக்கா?"

"போய்ப் பாப்போம். கடை தொறந்திருந்தா பீரோ. மூடியிருந்தா நம்ம நேரம். ஆனா அப்புறம் ஒரு வருசத்துக்கு நீ அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது."

"காமாட்சி மேல சத்தியமா எடுக்க மாட்டேன்" என்றாள்.

உடனே நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டாள். கொத்தமல்லிக் கட்டைக்கூட இரண்டு தடவை பேரம் பேசாமல் வாங்காதவள், என் நிபந்தனையைப் பேசாமல் வாங்கிக்கொண்டாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கைலாசம் எனக்குச் சொல்வதெல்லாம் பெரியநாயகிக்குத் தெரியும். பெரியநாயகிக்குத் தெரிவதெல்லாம் தையல்நாயகிக்குத் தெரியும். நடுவில் இருப்பது ஒரு சுவர். அதன் கனம் ஒன்பது அங்குலம்தான்.

அமாவாசையன்று முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினோம். இட்லியை மந்தாரை இலையில் கட்டி, எண்ணெய் மிளகாய்ப் பொடியும் எடுத்துக்கொண்டாள். மூன்று பஸ் மாறினோம். மலைப்பாதையில் பதினான்கு வளைவு. பதினோரு மணி இருபது நிமிஷத்துக்குத் தேன்கல்லில் இறங்கினோம்.

கடைகள் மூடியிருந்தன.

இடதுபுறம் பதினேழு, வலதுபுறம் பத்தொன்பது, ஆக முப்பத்தாறு கடைகள். முப்பத்தாறு பூட்டு. அவ்வளவு அழகான ஊரை நான் பார்த்ததே இல்லை. முகத்தில் வருத்தத்தை வரவழைத்துக்கொண்டேன்.

"அடடா. இன்னிக்கு லீவு போல இருக்குதே."

"ஆமாங்க."

"இவ்ளோ தூரம் வந்தும் இப்படி ஆயிடிச்சே."

"போவட்டும் விடுங்க. செலையாவது பாப்போம். அந்தத் தாளைக் குடுங்க, நான் படிக்கறேன். நீங்க எண்ணுங்க."

எனக்கு அவள் மேல் பாசமே பொங்கியது. எண்ணச் சொல்கிறாளே!

முதல் சிலை பஸ் நிலையத்திலேயே இருந்தது. உருண்டையான கல். நடுவில் பெரிய ஓட்டை.

"இதுக்கு 'தாய்மை'னு பேரு போட்டிருக்குது" என்றாள்.

"வயித்துல ஓட்டை இருக்குதே?"

"எல்லாருக்கும் போட்டுட்டு இவ சாப்பிட்டிருக்க மாட்டா. அடுத்தது பாருங்க."

அடுத்தது தலையில்லாத ஒரு மனிதன், முழங்காலில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தான். பெயர் 'சிந்தனை'.

"தலை இல்லாம எப்படிச் சிந்திப்பான்?" என்றேன்.

"கல்யாணம் ஆனவனா இருப்பான்."

அது நான் சொல்ல நினைத்தது. அவள் சொல்லிவிட்டாள்.

ஒன்பதாவது சிலை சேலை கட்டிய பெண். அங்கே எனக்கு இருபது நிமிஷம் பிடித்தது. செதுக்கின பிள்ளைக்குக் கல் தெரிந்திருக்கிறது, சேலை தெரியவில்லை. கொசுவம் ஏழு மடிப்பு. ஒரு பக்கத்துக் கரை இடுப்பில் ஏறி முதுகுப் பக்கம் போனது, திரும்பி வரவே இல்லை. முந்தானையில் கரையே கிடையாது. நான் சுற்றிச் சுற்றி வந்து தேடினேன். தையல்நாயகி பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து பொறுமையாகக் காத்திருந்தாள். அவள் இப்படிப் பொறுமையாக இருந்து நான் பார்த்ததில்லை. இதுவும் எனக்கு உறைக்கவில்லை. என் மனம் அந்தக் கரையைத் தேடிக்கொண்டிருந்தது.

ஏரிக்கரையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம். தாளை மடியில் விரித்து அதன்மேல் இலையை வைத்துக்கொண்டாள். மறுபடி நடந்தோம். இரண்டு மணி பத்து நிமிஷத்துக்குச் சிலை நாற்பது. நாலு மணிக்குப் பஸ்.

"நாப்பத்தியொண்ணு எங்க?" என்றேன்.

தாளை நீட்டினாள். நாற்பத்தொன்றாவது வரியில் எண்ணெய். 'சுமப்பவள், மரம்' என்பது வரைக்கும் தெரிந்தது. எங்கே இருக்கிறது என்ற பகுதி மிளகாய்ப் பொடியில் மூழ்கியிருந்தது.

"இட்லி எண்ணெ பட்டுடிச்சிங்க. நாப்பது போதுமே. ஒண்ணுதானே?"

ஒண்ணுதானே! நாலாயிரம் இழைப் பாவில் ஒரு இழை அறுந்தால் ஒண்ணுதானே என்று விடுவோமா? வெற்றியோடு பஸ் ஏறியிருக்கலாம். முப்பத்தாறு பூட்டும் என் பக்கம் இருந்தன. என் இடம் என்னிடமே இருந்தது. ஆனால் நாற்பதோடு வீட்டுக்குப் போய் நான் எப்படித் தூங்குவேன்?

அங்கே இருந்த பூங்காவின் காவலாளியிடம் கேட்டேன். "மரச் செலையா? அது தெருவுல இல்லீங்க. மழையில உளுத்துப் போவும்னு கீழத் தெருவுல சாமுவேல் தச்சர் பட்டறைக்குள்ள வெச்சிருக்கறாங்க. போய்ப் பாக்கலாம், ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"வேணாங்க" என்றாள் தையல்நாயகி. "தச்சர் வூட்டுக்கெல்லாம் எதுக்கு? எனக்குக் கால் வலிக்குது."

"நாப்பது நடந்தவளுக்கு ஒண்ணு நடக்க வலிக்குதா? எழுந்து வா."

"பீரோ கீரோ பாத்தா எனக்கு மனசு கஷ்டமா இருக்கும்."

"நீ பீரோவைப் பாக்காதே. செலையைப் பாரு."

அவள் எழுந்திருக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். பொது இடத்தில் அவள் கையை நான் பிடித்தது கல்யாணத்தன்று ஒரு தடவை. இது இரண்டாவது. இரண்டு தடவையும் எங்கே போகிறேன் என்று தெரியாமல்தான் போனேன்.

சாமுவேல் பட்டறை வாசலில் பெஞ்சுப் பலகைமேல் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அறுபது வயதுக்காரர். காதில் பென்சில். "வாங்க ஐயா, வாங்கம்மா. கடைக்குத்தான் இன்னிக்கு லீவு. கூட்டம் இல்லாததால ஆற அமரப் பேசலாம். செலை உள்ள இருக்குது, பாருங்க."

சிலை இருந்தது. தலையில் விறகுக்கட்டோடு ஒரு பெண். முழுக்க பலாமரம். தாளில் நாற்பத்தொன்றுக்கு நேராகக் குறி போட்டேன். நெஞ்சு நிறைந்தது. விறகு எத்தனை என்று எண்ணத் தொடங்கினேன்.

உள்ளேயிருந்து சாமுவேலின் மனைவி மரியம்மாள் வந்து, தையல்நாயகியின் சேலைக் கரையைக் கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. பெண்கள் பேச்சு என்று விட்டுவிட்டேன். பிறகு தையல்நாயகியின் குரல் கேட்டது.

"சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன் மேஸ்திரி. எங்க வூட்ல தறியோரம் ஏழடிக்கு எடம் இருக்குது..."

பதினொரு விறகோடு நின்றுவிட்டேன். ஏழடியா?

"ஏழடி எங்க இருக்குது?" என்றேன். "அஞ்சடி ஒம்பது அங்குலம்."

"ஓ, அஞ்சடி ஒம்பதுங்களா. ஆனா அகலம் நாலடி தாராளமா இருக்குது மேஸ்திரி."

"ரெண்டடி நாலு! தினம் அதுல படுக்கறவன் நானா, நீயா?"

"எனக்கு என்னாங்க தெரியும், சும்மா கண்ணால பாத்ததுதான். ஒசரத்துக்குக் கொறையே இல்ல. எட்டடி வரைக்கும் போலாம்."

இதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. சிலையை விட்டு வந்துவிட்டேன். "அந்தப் பக்கம் ஓடு சரியற எடம்யா. உத்தரம் ஆறடி ரெண்டு அங்குலம். எட்டடி வெச்சா ஓட்டைப் பேத்துக்கினு கோபுரம் மாதிரி நிக்கும்."

சாமுவேல் ஒரு பலகைத் துண்டில் எழுதிக்கொண்டிருந்தார். "அப்ப கதவைத் தொறந்தா தறியில இடிக்குமேங்க ஐயா?"

"இடிக்காம? தள்ளுக் கதவா வெச்சாத்தான் சரிப்படும்."

"அருமையான யோசனைங்க."

அருமையான யோசனை என்று வெளி ஆள் ஒருவர் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒரு நிமிஷம் மகிழ்ந்தேன். பிறகுதான் பலகைத் துண்டைப் பார்த்தேன். என் இடம் முழுவதும் அதில் இருந்தது.

"இது எதுக்கு எழுதறீங்க?"

"செய்யறதுக்குத்தாங்க."

"தையலு! கடை மூடியிருந்தா வாங்கறதில்லைனு பேச்சு!"

"மூடித்தானே இருக்குது? ஒரு கடையிலயும் நான் வாங்கலியே" என்றாள். "அந்தப் பேச்சையும் நான் எடுக்கல. மேஸ்திரி ஒசரம் கேட்டாரு, நீங்க சொன்னீங்க. நான் வேணாம், கால் வலிக்குதுன்னுதானே சொன்னேன். கையைப் புடிச்சி இழுத்துக்கினு வந்தது யாரு?"

சாமுவேல் என்னைப் பார்த்தார். மரியம்மாள் என்னைப் பார்த்தாள். விறகு சுமந்த பெண்கூடப் பார்த்ததாகத் தோன்றியது.

திரும்பும் பஸ்ஸில் என் உள்ளே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எங்கள் வாசக்கால் பழைய வாசக்கால். அகலம் இரண்டடி இரண்டு அங்குலம். இரண்டடி நான்கு அங்குல பீரோ அதில் எப்படி நுழையும்? நுழையாது. செய்துகொண்டு வரட்டும். தெருவில் நிற்கட்டும். இரண்டு அங்குலம் என்னைக் காப்பாற்றும். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

ஒரு வளைவு, இரண்டு வளைவு. மேகம் ஜன்னலுக்குள் வந்து போனது.

ஒன்பதாவது வளைவில் தையல்நாயகி கொட்டாவி விட்டபடி தனக்குத்தானே சொன்னாள். "நல்லவேளை, நம்ம வாசக்கால் மூணடி."

பல்லைக் கடித்தேன். பத்தாவது வளைவு. மூணடியாம். பதினோராவது வளைவு. கம்பியைப் பிடித்துக்கொண்டேன். முன் சீட்டுக்காரர் எனக்குக் குமட்டுகிறதோ என்று எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

பன்னிரண்டாவது வளைவில், "ரெண்டடி ரெண்டு அங்குலம்!" என்று கத்திவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

அவள் திரும்பவில்லை. ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எண்ணினேன். ஏழடி, நாலடி, எட்டடி, மூணடி. நான்கு தப்பு. இருபத்தேழு வருஷம் ஒரு இழை தப்பாதவள், ஒரே பகலில் நான்கு தப்பு செய்திருக்கிறாள். எண்ணெயைப் பற்றியும் யோசித்தேன். நாற்பத்தொரு வரியில் நாற்பது வரிக்குப் படாத எண்ணெய்.

மறுநாள் காலை அவள் தேன்கல்லுக்கு ஒரு கார்டு எழுதினாள். இரண்டே வரி. அதில் என்ன அளவு இருந்தது என்று நான் கேட்கவில்லை.

இன்னும் ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. பீரோவுக்கு எதைக் கொடுப்பாள்? வீட்டில் என்ன இருக்கிறது, தறியையும் என்னையும் தவிர?

தறியில் இருந்த சேலையை நெய்து முடித்து அறுத்ததும் புதுப் பாவு ஏற்றினோம். அரக்கு உடல், பச்சைக் கரை. யாருக்கு என்றேன். "எங்க அண்ணன் நூல் குடுத்துச்சி. ஒரு கல்யாணத்துக்கு. நல்லா நெய்யுங்க, பொண்ணு மொத மொதல்ல பட்டு கட்டுது" என்றாள். நன்றாக நெய்தேன். பதினெட்டு நாள். கோர்வை மயிரிழை பிசகவில்லை. தினம் பன்னிரண்டரைக்கு என் இடத்தில் படுத்து, இப்படி ஒரு சேலையை நெய்துகொடுத்தால் பெண் நன்றாக இருப்பாள் என்று மனதார வாழ்த்திக்கொண்டிருந்தேன்.

பத்தொன்பதாம் நாள் வாசலில் ஒரு வேன் நின்றது. சாமுவேல் இறங்கினார். பின்னால் பலகைகள் இறங்கின. பலகை, சட்டம், கண்ணாடி, மர முளை எல்லாம் தனித்தனியாக.

"வாசக்கால் ரெண்டடி ரெண்டுதான், முழுசா வராதுன்னு அம்மா கார்டு போட்டிருந்தாங்க. அதான் கழட்டிப் பூட்டற மாதிரி செஞ்சிட்டேன்" என்றார். வாசக்கால் வழியாக எல்லாம் தாராளமாக உள்ளே போயிற்று.

ஒரு மணி பத்து நிமிஷத்தில் பூட்டி முடித்தார். என் கண்முன்னே என் இடம் எழுந்து நின்று பீரோவாயிற்று. சுவருக்கும் அதற்கும் நடுவே ஒரு பட்டு இழையை விட்டுப் பார்த்தேன். நுழையவில்லை.

"முப்பது வருசமா செய்யறேன். இப்படி அளவு சொன்னவங்களைப் பாத்ததில்லீங்க ஐயா" என்றார் சாமுவேல்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

தையல்நாயகி உள்ளேயிருந்து வந்தாள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பூ. அதன்மேல் அரக்குச் சேலை, பச்சைக் கரை.

"உங்க பொண்ணு கல்யாணத்துக்கு நாங்க வர முடியாது மேஸ்திரி. மரியம்மாள் கிட்ட சொல்லுங்க, அவரே ஒக்காந்து நெய்ஞ்சதுன்னு."

என் இடத்தை அடைக்கிற பீரோவுக்கு நானே பதினெட்டு நாள் உட்கார்ந்து விலை நெய்திருக்கிறேன். வாழ்த்தும் சேர்த்து.

வேன் போனது. தெருப் பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பெரியநாயகி இரண்டு தடவை வந்தாள். மணி பன்னிரண்டரை ஆயிற்று. சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு, பழக்கத்தில், போய் நின்றேன். எதிரே கண்ணாடி.

"தையலு, இப்ப நான் எங்க படுக்கறது?"

அவள் பீரோவை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். "ஏங்க, அஞ்சடி ஒம்பது, ரெண்டடி நாலு. உங்க எடம் அப்படியேதானே இருக்குது? கொஞ்சம் மேல போயிருக்குது, அவ்ளோதான்."

எக்கிப் பார்த்தேன். பீரோவின் தலைக்கும் உத்தரத்துக்கும் நடுவே நான்கு அங்குலம். என் மார்பு மட்டும் எட்டு அங்குலம்.

"இன்னாங்க, செலை மாதிரி நின்னுக்கினு?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

கண்ணாடியில் பார்த்தேன். முதுகு வளைந்து, கை தொங்கி, தலை இருந்தும் இல்லாத மாதிரி ஒருவன் நின்றுகொண்டிருந்தான். எண்ணெய்க் கறை படிந்த தாளைத் தேடி எடுத்து, நாற்பத்தொன்றுக்குக் கீழே நாற்பத்திரண்டு என்று எழுதிக் குறி போட்டுக்கொண்டேன்.